நீதிபதி படிக்காத பதில்கள்

2009, ஜனவரி 29. மெல்போர்ன் நகரின் வெஸ்ட் கேட் பாலத்தின்மீது ஒரு கார் திடீரென்று நிற்கிறது. அன்றுதான் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போகவேண்டிய நாலு வயசு மகளைத் தூக்கிக்கொண்டு அப்பா இறங்குகிறார். 58 மீட்டர் கீழே யாரா நதி... மேற்கொண்டு விவரிக்க மனசு வரவில்லை. 'பிரிந்துபோன பெற்றோரில் குழந்தை யாரிடம் எத்தனை நாள்' என்கிற வழக்கு, குடும்ப நீதிமன்றத்தில் முடிந்தது முந்தின நாள்தான்!

'ஆபத்தை யாருமே மோப்பம் பிடிக்கலையா?' என்று கேட்பீர்கள். ஆஸ்திரேலிய அரசும் அதைத்தான் கேட்டது. முன்னாள் நீதிபதி ரிச்சர்ட் சிஸம் அந்த வருடமே ஆராய்ந்தார். சட்டமே சிலரின் வாயைக் கட்டிவைத்திருந்தது தெரிந்தது!

2006-ல் ஒரு திருத்தம் வந்திருந்தது. குழந்தையை மற்றவரோடு தாராளமாகப் பழகவிடுகிற பெற்றோருக்கு நல்ல பெயர். தெரிந்தே பொய்ப் புகார் தந்தால், எதிராளியின் வழக்குச் செலவு உங்கள் தலையில். நியாயமாகத்தானே படுகிறது? இப்போது அடிபட்ட ஒரு மனைவியின் இடத்தில் நின்று பாருங்கள். நாலு சுவருக்குள் விழுந்த அடிக்குச் சாட்சி ஏது? சொன்னால் 'இவள் ஒத்துப்போகாதவள்' என்று முத்திரை விழலாம். 'பேசாம இருந்துடுங்க' என்று வக்கீல்களே சொன்னதுண்டு.

இரண்டு பிரிவுகளும் 2012-ல் நீக்கப்பட்டன. அதே வருடம் ஜெனிஃபர் மெக்கின்டாஷ், கிளேர் ரால்ஃப்ஸ் என்ற இரு பெண்மணிகள் 'டோர்ஸ்' என்றொரு கேள்வித்தாளை உருவாக்கினார்கள். அடி, மிரட்டல் மட்டுமல்ல... குடி, போதை மருந்து, தற்கொலை எண்ணம், குழந்தையின் நிலைமை என்று எல்லாம் அதில் உண்டு. 'உனக்கு ஆபத்தா?' என்பதோடு 'உன்னால் யாருக்காவது ஆபத்தா?' என்றும் துருவுகிறது. இரு தரப்பையும்! (என்னைக் கேட்டால், இரண்டாவது கேள்விதான் புத்திசாலித்தனம்.)

அந்த வழியில் வந்ததுதான் நீதிமன்றத்தின் 'லைட்ஹவுஸ்' திட்டம். 2021-ல் அடிலெய்ட், பிரிஸ்பேன், பரமட்டா ஆகிய மூன்று இடங்களில் சோதனையாக நடந்தது. 2022 நவம்பரில் 15 இடங்களுக்குப் பரவியது. வழக்குப் போட்டதுமே கணினி வழியாகக் கேள்விகள். நிரப்பியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆபத்து அதிகம் என்று தெரிந்தால் ஆலோசகர் பேசுகிறார், பாதுகாப்புக்கு வழி சொல்கிறார். வழக்கு 'இவாட் பட்டியல்' என்ற தனி வரிசைக்குப் போகலாம். (குடும்ப நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதி எலிசபெத் இவாட்டின் பெயர்.)

சரி, மறுபடியும் பயந்து வாயை மூடிக்கொண்டால்? அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். இந்தப் பதில்களை வழக்கில் சாட்சியமாகக் காட்டமுடியாது. எதிராளிக்குப் போகாது. தீர்ப்பு எழுதும் நீதிபதியும் அதைப் படிப்பதில்லை. உயிருக்கோ குழந்தைக்கோ ஆபத்து என்கிறபோது மட்டும் ரகசியம் விலகலாம்.