விளம்பரம் இல்லாத ஜெராக்ஸ்

இரண்டாவது சனிக்கிழமை பேங்க் லீவு. அன்று ஃப்ளோரா ஃபவுண்டன் பக்கம் போனால் பழைய புத்தகம் வாங்காமல் திரும்புவதில்லை என்பது, மும்பைக்கு மாற்றலாகி வந்த இத்தனை வருடத்தில் எனக்குப் பிடித்துவிட்ட வியாதி. (இதில் வீட்டம்மாவின் கருத்து வேறு. அதை விடுங்கள்.) போன முறை கிடைத்தது அட்டை கிழிந்த ஒரு பத்திரிகை. ஃபார் ஈஸ்டர்ன் எகனாமிக் ரிவ்யூ, 1986ஆம் வருடத்து இதழ். முப்பது ரூபாய். உள்ளே ஏதோ ஒரு அலுவலக நூலகத்தின் முத்திரை, அதன் மேல் 'கழிக்கப்பட்டது' என்று இன்னொரு முத்திரை.

இந்தப் பெயரை முதலில் கேள்விப்பட்டது பாளையங்கோட்டையில் பி.காம். படித்தபோது. 1997 ஆசிய நிதி நெருக்கடி பற்றிப் பாடம் எடுத்த பேராசிரியர் அடிக்கடி இதைச் சொல்வார். நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் ரயிலில் வரும்போதே முழுவதும் படித்துவிட்டேன். பிறகு இதன் பூர்வோத்திரம் என்ன என்று தேடினேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

இதைத் தொடங்கியவர் எரிக் ஹால்பர்ன், வியன்னாவைச் சேர்ந்த யூதர். ஐரோப்பாவை விட்டு ஷாங்காய்க்குப் பிழைத்து வந்தவர், போர் முடிந்ததும் 1946இல் ஹாங்காங்கில் இதை ஆரம்பித்தார். ஆதரவு கொடுத்தவர்கள் ஹாங்காங் பேங்க் (இன்றைய ஹெச்.எஸ்.பி.சி.), ஜார்டின் மாத்தேசன் கம்பெனி, கடூரி குடும்பம். இவர்கள் இலக்கியம் வளர்க்கப் பணம் போட்டவர்கள் இல்லை! போரில் குலைந்துபோன துறைமுகங்களில் மறுபடி வியாபாரம் தொடங்க வேண்டும். எந்த ஊரில் என்ன விலை, எந்த நாணயத்துக்கு என்ன மதிப்பு, எந்த அரசாங்கம் நிலைக்கும் என்று தெரிய வேண்டும். கடன் கொடுப்பவனுக்குத் தெரிய வேண்டிய விஷயங்கள். 1949இல் சீனா கம்யூனிஸ்ட் கைக்குப் போன பிறகு, உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கும் திண்ணையாகவே ஆகிவிட்டது ஹாங்காங். பத்திரிகையின் மவுசு கூடியது.

1964 முதல் 1989 வரை ஆசிரியராக இருந்தவர் டெரெக் டேவிஸ். கால் நூற்றாண்டு! இவர் எழுதிய 'ட்ராவலர்ஸ் டேல்ஸ்' பத்தியில் ஆசியா முழுக்க உள்ள வேடிக்கையான பெயர்ப்பலகைகளும் வரும், அமைச்சர்களைப் பற்றிய குத்தலும் வரும். நம்மவர்களும் உண்டு. கல்கத்தாக்காரர் நயன் சந்தா, 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் விழுந்தபோது அங்கிருந்து செய்தி அனுப்பியவர், பின்னாளில் ஆசிரியரும் ஆனார். மும்பை ஃப்ரீ பிரஸ் ஜர்னலில் தொழில் பழகிய டி.ஜே.எஸ். ஜார்ஜ் இங்கே வேலை பார்த்துவிட்டு, 1975இல் மைக்கேல் ஓ'நீலுடன் சேர்ந்து போட்டியாக ஏஷியாவீக்கைத் தொடங்கினார். எம்.எஸ். சுப்புலட்சுமியின் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினாரே, அதே ஜார்ஜ்தான்.

வியாபாரப் பத்திரிகைக்கு அரசாங்கங்கள் ஏன் பயந்தன? வட்டி விகிதம் எழுதினால் யாருக்கும் கோபம் வராது. ஆனால் அந்தக் கடன் யாருடைய மருமகனுக்குப் போனது என்று எழுதினால் வரும். 1977இல் சிங்கப்பூர் அரசு ரிவ்யூ நிருபர் ஹோ குவான் பிங்கை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே வைத்தது. (இவர்தான் பின்னாளில் பன்யன் ட்ரீ ஹோட்டல்களைத் தொடங்கிப் பெரிய தொழிலதிபர் ஆனவர்.) மலேசியாவில் மர்ரே ஹீபர்ட் என்ற நிருபர் 1999இல் ஒரு மாதம் சிறையில் இருந்தார். ஒரு நீதிபதியின் மகனைப் பள்ளியின் விவாத அணியிலிருந்து நீக்கியதற்காகத் தாயார் வழக்குப் போட்ட விவகாரத்தை எழுதியதற்கு, நீதிமன்ற அவமதிப்பு என்று தண்டனை.

ஆனால் ஒரு பேங்க்காரனாக என்னை அசர வைத்தது 1987தான். அந்த வருடம் சிங்கப்பூரில் கத்தோலிக்க சமூக சேவகர்கள் உட்பட 22 பேர் மார்க்சிஸ்ட் சதி என்ற குற்றச்சாட்டில் கைதானார்கள். இது பற்றி டிசம்பரில் ரிவ்யூ எழுதிய கட்டுரையால் லீ குவான் யூவுக்குக் கடும் கோபம். பத்திரிகையைத் தடை செய்யவில்லை. இனி 500 பிரதிதான் விற்கலாம் என்று ஆணை போட்டார்கள். அது எங்களுக்கு வேண்டாம் என்று ரிவ்யூ சிங்கப்பூரை விட்டே விலகியது. உடனே சட்டத்தில் ஒரு திருத்தம். இப்படிக் கட்டுப்படுத்தப்பட்ட பத்திரிகையை உள்ளூரில் பிரதி எடுத்து விற்கலாம். ஒரே நிபந்தனை, விளம்பரங்களை எடுத்துவிட வேண்டும்!

இதன் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். செய்தியை நாங்கள் மறைக்கவில்லையே, ஜெராக்ஸ் வாங்கிப் படியுங்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். இவர்கள் குறி வைத்தது வாசகனை அல்ல, லாப நட்டக் கணக்கின் வரவுப் பக்கத்தை. இப்படிப்பட்ட பத்திரிகை விற்பனைக் காசில் ஓடாது. நான் வாங்கிய இதழில் பக்கத்துக்குப் பக்கம் விமானக் கம்பெனியும் பேங்க்கும்தான். அவதூறு வழக்கிலும் 1989இல் லீக்கே வெற்றி.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. 2013 தொடக்கத்தில் நான் கடன் பிரிவில் இருந்தேன். ஒரு கம்பெனிக்கு விற்பனை முழுக்க உள்நாட்டில், கடனில் பெரும்பகுதி டாலரில், ஹெட்ஜிங் கிடையாது. ரூபாய் பத்து சதவீதம் சரிந்தால் தவணை கட்ட வருமானம் போதாது என்று குறிப்பில் எழுதினேன். வாக்கியம் கொஞ்சம் பயமுறுத்துகிறது, மாற்றி எழுதுங்கள் என்றார் மேலதிகாரி. 'நிறுவனம் உரிய நேரத்தில் ஹெட்ஜிங் செய்ய உத்தேசித்துள்ளது' என்று மாற்றினேன். யாரும் மிரட்டவில்லை. பதவி உயர்வுக்கான நேர்முகத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். மே மாதத் தொடக்கத்தில் 54 ரூபாய் அளவில் இருந்த டாலர் ஆகஸ்ட் 28 அன்று 68ஐத் தாண்டியது. அடுத்த வருடம் அந்தக் கணக்கு வாராக்கடன்.

பேராசிரியர் நடத்திய தாய்லாந்துப் பாடம் அப்படியே இதுதான். டாலருக்கு 25 பாத் என்று கட்டி வைத்திருந்த தைரியத்தில் குறுகிய கால டாலர் கடன் வாங்கி, நீண்ட காலக் கட்டடங்களில் போட்டார்கள். 1997 ஜூலை 2 அன்று பிடி விட்டது, 1998 ஜனவரியில் டாலர் 50 பாத்தைத் தாண்டியது. அந்த டிசம்பருக்குள் 56 நிதி நிறுவனங்களை இழுத்து மூடினார்கள். பாடம் எனக்குத் தெரியும், பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். அப்படியும் அந்த வாக்கியத்தை மாற்றினேன்.

ரிவ்யூவின் கடைசிக் காலம் சுருக்கமானது. 1987இலேயே முழுவதும் டோ ஜோன்ஸ் கைக்குப் போயிருந்தது. விளம்பரம் குறைந்துகொண்டே வந்தது. ஏஷியாவீக் 2001 டிசம்பரில் மூடப்பட்டது. 2004இல் ரிவ்யூவை வார இதழிலிருந்து மாத இதழாக்கி, சுமார் 80 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2006இல் சிங்கப்பூர் எதிர்க்கட்சித் தலைவர் சீ சூன் ஜுவான் பற்றிய கட்டுரைக்கு மறுபடி வழக்கு, இந்த முறை அப்பா, மகன் இரண்டு பேரும். 2009இல் 4,05,000 சிங்கப்பூர் டாலர் கொடுத்துச் சமாதானம். அதே டிசம்பரோடு பத்திரிகையும் நின்றது. வழக்கால் நின்றதா, வருமானம் இல்லாமல் நின்றதா என்று கேட்டால், நான் வருமானம் என்றுதான் சொல்வேன்.

அந்த 1986 இதழ் இப்போது என் ஆபீஸ் மேஜை டிராயரில் இருக்கிறது. கடைக்காரர் இன்னும் நாலைந்து கிடக்கிறது, தேடி வைக்கிறேன் என்றார். 1987 டிசம்பர் இருந்தால் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த இரண்டாவது சனிக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.