தாயகம் திரும்பியோர்: பர்மாத் தமிழரின் மீள்வருகையில் காணப்படும் வேறுபாடுகள்

பர்மாவிலிருந்து வந்த தமிழர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்னும் ஒரே தொடரால் குறிப்பது அரசு வழக்கு. திரும்பும் ஒருவர் முன்னர்ப் புறப்பட்டவராக இருத்தல் வேண்டும். புறப்பட்ட இடத்தில் அவருக்கென்று ஏதேனும் எஞ்சியிருத்தலும் வேண்டும். இவ்விரண்டும் எல்லார்க்கும் வாய்த்தவையல்ல. பர்மாவைவிட்டு நீங்கிய சூழலைக் காட்டிலும், அங்குச் சென்ற முறையே மீள்வருகையின் தன்மையைப் பெரிதும் தீர்மானித்தது எனலாம்.

நாட்டுக்கோட்டை நகரத்தாரின் பயணம், திரும்புதலையும் உள்ளடக்கியே திட்டமிடப்பட்டது. 'கொண்டு விற்கப் போதல்' என வழங்கிய அப்பயணத்தில், கடையின் முகவர் மூன்றாண்டுக் கணக்கு முடிந்ததும் ஊர் திரும்புவார். மனைவி மக்கள் பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே தங்கியிருப்பர். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடனை அடைக்க இயலாத உழவரின் நிலங்கள் நகரத்தார் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த அவர்தம் நிலவுடைமை, 1937 அளவில் 25 விழுக்காட்டை எட்டியது. (நிலமிழந்த பர்மிய உழவரின் நோக்கில் இது வேறொரு வரலாறு, தமிழில் எழுதுவோர் அதனை எளிதில் கடந்துவிடுகின்றனர்.) பின்னாளில் அந்நிலங்கள் அனைத்தும் கைவிட்டுப் போயின. இழப்பு மிகப் பெரிது. ஆயினும் இழந்தவர் வந்துசேர்ந்த ஊரில் வீடு இருந்தது, நகரக் கோயில் இருந்தது, பங்காளிகள் இருந்தனர்.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் இரங்கூன் மீது குண்டுவீசிய பின்னர், இலட்சக்கணக்கான இந்தியர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வெளியேறினர். காலராவினாலும் பசியினாலும் பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். பாதைகளிலும் முகாம்களிலும் ஐரோப்பியர்க்குத் தனி வசதி, இந்தியர்க்குத் தனி ஏற்பாடு என்ற பாகுபாடும் நிலவியது. இரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா, தாம் நடந்து வந்ததை 'எனது பர்மா வழி நடைப் பயணம்' என்னும் நூலாக எழுதினார். தமிழில் இப்பெயர்வுக்குக் கிடைத்துள்ள அரிய நேர்ச்சான்று அது. எனினும் உடன்நடந்தோருள் எழுத்தறிவு வாய்க்காத கூலித் தொழிலாளர் மிகப் பலர். மேஸ்திரியிடம் பெற்ற முன்பணத்தோடு கப்பலேறிய அவர்களுக்கு, அப்பயணம் எவ்வாறு பொருள்பட்டது என்பதை இவ்வொரு நூலைக் கொண்டு வரையறுத்தல் இயலாது.

1962இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு நிகழ்ந்த வெளியேற்றம் முற்றிலும் வேறானது. 1964இல் கடைகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. அவ்வாண்டு மே மாதத்தில் 50, 100 கியாத் தாள்கள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. சேமிப்பைத் தாள்களாக வைத்திருந்த சிறுவணிகர் ஒரே நாளில் வறியவராயினர். கப்பலில் சென்னை வந்திறங்கியோருள் பலர் பர்மாவிலேயே பிறந்தவர்கள். பர்மிய மொழியில் வளர்ந்தவர்கள். தமிழகத்தை முன்பின் கண்டிராதவர்கள். பெற்றோர்க்குத் திரும்புதலாக இருந்த அதே பயணம் பிள்ளைகளுக்கு முதற் புலப்பெயர்வாயிற்று. ஒரே குடும்பத்துள் நேர்ந்த இவ்வேறுபாட்டை மறுவாழ்வுத் திட்டங்கள் கருத்திற் கொண்டதாகத் தெரியவில்லை. கடனும் மனையும் குடும்ப அளவிலேயே கணக்கிடப்பட்டன. 1969இல் சென்னைக் கடற்கரை இரயில் நிலையத்தை அடுத்து உருவான பர்மா பஜார், அவர்களுள் ஒரு பகுதியினர்க்குப் பிழைப்பளித்தது. வியாசர்பாடித் தெருக்களில் அத்தோ விற்கப்படுவதும் இவ்வருகையின் எச்சமே.

தமிழகத்தில் வேர்கொள்ள இயலாத சிலர், மணிப்பூர் வழியாக மீண்டும் பர்மாவுக்கே நடந்து செல்ல முயன்றனர். பர்மிய அதிகாரிகள் அவர்களை உள்ளே விடவில்லை. அவர்கள் எல்லையூரான மோரேயில் தங்கினர். அங்கேயே தமிழ்ச் சங்கமும் அங்காளபரமேசுவரி கோயிலும் அமைத்துக்கொண்டனர். 1942இல் நடந்து வந்தவர்களுக்கு அவ்வட்டாரம் இந்தியாவின் வாயிலாக இருந்தது. இவர்களோ அங்கே பர்மாவை நோக்கி நின்றனர்.