திருமணி முதல் வியன்னா வரை: செங்கல்பட்டுக் கரையின் ஆய்வுகள் உலக அட்டவணைகளில் ஏறிய வரலாறு

சல்ஃபோன் வகை மருந்துகளைத் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த இரண்டரை ஆண்டு அனுபவத்தை விவரிக்கும் நீண்ட கட்டுரை ஒன்று, லண்டனிலிருந்து வெளிவந்த 'லெப்ரசி ரிவ்யூ' இதழில் 1949இல் அச்சானது. முதலாசிரியர் ராபர்ட் காக்ரேன். உடன் எழுதியவர்களில் ஒருவர் கே. ராமானுஜம். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924இல் தொடங்கப்பட்ட லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைதான் இந்த முயற்சிகளின் முக்கியக் களம். விலை மிகுந்த கூட்டு மருந்துகளை விட்டுவிட்டு, அவற்றின் தாய்ப்பொருளான டாப்சோனையே எண்ணெயில் கலந்து தோலுக்கடியில் ஊசியாகச் செலுத்தும் முறையைக் காக்ரேன் குழுவினர் 1946 வாக்கில் தொடங்கியிருந்தார்கள்.

டாப்சோன் அப்போது புதிய பொருளே அல்ல. ஜெர்மனியில் ஃப்ரோமும் விட்மனும் 1908லேயே அதைத் தயாரித்து வேதியியல் இதழில் வெளியிட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் 'கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்' தொடங்கியது அதற்கு முந்தைய ஆண்டு, 1907இல். வேதியியல் இலக்கியத்தைத் திரட்டும் ஏற்பாடு இருந்தது. ஆனால் வேதியியல் அட்டவணையைப் புரட்டும் தொழுநோய் மருத்துவர் யாரும் இல்லை. அச்சான ஒன்று தேவைப்பட்டவர் கண்ணில் படாமல் கிடப்பதற்கு, தபால் தாமதமும் மொழித் தடையும் மட்டுமே காரணமல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இக்கட்டுரையின் கவலை வேறு. ஓர் ஊரில் நடந்த ஆய்வு உலகப் பட்டியல்களில் எந்த வாசல் வழியாக நுழைந்தது, அந்த வாசலைத் தீர்மானித்தது எது?

திருமணி மருத்துவர்களுக்கு 1930களில் மூன்று இதழ்கள் திறந்திருந்தன. கல்கத்தாவில் 1929இல் தொடங்கிய 'லெப்ரசி இன் இந்தியா', அடுத்த ஆண்டு லண்டனில் பிறந்த 'லெப்ரசி ரிவ்யூ', 1933 முதல் எச். டபிள்யூ. வேட் ஆசிரியராக இருந்து மணிலாவிலிருந்து நடத்திய 'இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் லெப்ரசி'. இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு சல்லடை இருந்தது. 1908இல் உறக்கநோய்க்காக லண்டனில் அமைந்த செய்திப் பணியகம் வளர்ந்து, 1912 முதல் 'டிராப்பிக்கல் டிசீசஸ் புல்லட்டின்' என்ற ஆய்வுச்சுருக்க இதழை வெளியிட்டது. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு வல்லுநர் அமர்ந்து, வந்து சேர்ந்த இதழ்களைப் படித்து, சாரத்தை எழுதி, பல சமயம் தம் கருத்தையும் சேர்த்தார். கிழக்காப்பிரிக்காவின் மூலையில் இருந்த மருத்துவருக்கு இந்த ஒரு சந்தாவே நூலகம்.

ஆக, திருமணிச் செய்தி நைஜீரியாவுக்கோ சிலோனுக்கோ போக வேண்டுமானால் பெரும்பாலும் லண்டனைத் தொட்டுத்தான் போக வேண்டும். லண்டன் இதழில் அச்சானால் பணியகத்தின் மேசைக்கு உடனே வந்துவிடும். கல்கத்தா இதழில் அச்சானால் கப்பல் தபாலுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிறகு சுருக்கம் எழுதுபவரின் ஓய்வுக்குக் காத்திருக்க வேண்டும். அதன்பின் அச்சு வரிசை. 1942இல் மணிலா ஜப்பானியர் கைக்குப் போனதும் மூன்றாவது வழியின் ஒழுங்கும் குலைந்தது. காக்ரேன் தமது முடிவுகளை லண்டனுக்கு அனுப்பியதைப் பேரரசு மனோபாவம் என்று மட்டும் படித்தால் பாதிதான் விளங்கும். படிக்கப்பட வேண்டும் என்று விரும்பிய எவருக்கும் அதுவே அறிவார்ந்த தேர்வு. இருந்தும், டாப்சோனை வாய்வழி மாத்திரையாகச் சிறு அளவில் கொடுக்கலாம் என்ற முடிவோடு பலரும் சேர்த்துச் சொல்லும் பெயர் ஜான் லோவுடையது. அவர் கல்கத்தாவில் தொழுநோய் ஆராய்ந்துவிட்டு நைஜீரியாவின் உசுவாகோலிக்குப் போனவர். 1950இல் 'லான்செட்'டில் எழுதினார். பொது மருத்துவ இதழுக்கும் துறை இதழுக்கும் உள்ள தூரம் சில சமயம் லண்டனுக்கும் செங்கல்பட்டுக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம்.

திருமணி மருத்துவமனை 1955இல் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனமானது. அதே மாவட்டத்தின் பெயரை உலக மருத்துவ இலக்கியத்தில் இன்னும் ஆழமாகப் பதித்தது வேறோர் ஆய்வு. 1968 முதல் 1971 வரை 209 கிராமங்களிலும் 9 ஊர்களிலும், சுமார் 3.6 லட்சம் மக்களிடையே நடந்த பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை அது. காசநோயிலிருந்து பிரிட்டனில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் காப்பாற்றியதாகக் கண்ட அதே தடுப்பூசி, இங்கே பெரியவர்களைக் காப்பாற்றவில்லை என்று முதல் அறிக்கை சொன்னது. 1979இல் உலக சுகாதார நிறுவனத்தின் 'புல்லட்டி'னில் அது வந்தது. உலகம் முழுவதும் உடனே விவாதம் கிளம்பியது. பதினைந்து ஆண்டுத் தொடர் கண்காணிப்பின் முடிவோ 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்'சில் 1999இல்தான் அச்சாயிற்று. கடைசியாகச் சேர்ந்தவருக்கும் பதினைந்து ஆண்டு 1986லேயே நிறைந்துவிட்டது. நடுவில் போன பதின்மூன்று ஆண்டுகளுக்கு எந்தச் சுருக்க இதழையும் குறை சொல்ல முடியாது. அட்டவணைக்காரர் அச்சாகாததை எடுக்க முடியாதே. தாமதம் பற்றிய ஆய்வுகள் பலவும் அச்சான நாளிலிருந்தே கணக்கைத் தொடங்குவதால் இந்தப் பகுதி கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

இந்த ஆய்வைத் தேடுபவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சோதனை நடந்த ஊர்கள் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன. பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டானது. இப்போதைய செங்கல்பட்டு மாவட்டம் 2019இல் உருவானது. தலைப்பில் உள்ள ஊர்ப்பெயரை நம்பி வரைபடத்தில் புள்ளி வைக்கும் நூலளவியல் ஆய்வாளர், புள்ளியைத் தவறான இடத்தில்தான் வைப்பார்.

சுருக்க இதழ்கள் எவ்வளவு விட்டுவிடுகின்றன என்பதை எண்ணிக் காட்டியவர்களில் முதன்மையானவர் லண்டன் அறிவியல் அருங்காட்சியக நூலகத்தை நடத்திய எஸ். சி. பிராட்ஃபோர்டு. சுமார் முந்நூறு சுருக்க, அட்டவணை இதழ்கள் ஆண்டுக்கு ஏழரை லட்சம் பதிவுகள் செய்தன. அவற்றில் பெரும்பங்கு ஒரே கட்டுரையைத் திரும்பத் திரும்பப் பதிந்தது. உண்மையில் பதிவான தனிக் கட்டுரைகள் இரண்டரை லட்சம். விடுபட்டவை ஐந்து லட்சம் என்பது அவர் கணக்கு. 1948இல் லண்டனில் ராயல் சொசைட்டி கூட்டிய மாநாடும், 1949இல் பாரிஸில் யுனெஸ்கோ கூட்டிய மாநாடும் இந்தக் கவலையின் விளைவுகள். யுனெஸ்கோ உதவியுடன் 1952இல் தில்லியில் அமைந்த இன்ஸ்டாக், 1965 முதல் 'இந்தியன் சயின்ஸ் அப்ஸ்ட்ராக்ட்ஸ்' வெளியிட்டது. நம் இதழ்களை நாமே சுருக்கிக் கொடுத்தால் உலகம் எடுத்துக்கொள்ளும் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான்; ஆனால் நாட்டுச் சுருக்க இதழ் தனியே ஓடினால், அதைப் புரட்டவும் வெளியே ஒருவர் வேண்டும். மேலை நாட்டு ஆய்வாளரிடம் அவருடைய துறை அட்டவணை ஏற்கெனவே இருந்தது. நாடுவாரி அட்டவணையைத் தேடி வர அவருக்குக் காரணம் குறைவு.

இந்த முட்டுக்கட்டையை உடைக்கப் பார்த்த மிகத் துணிச்சலான ஏற்பாடு அணுத்துறையிலிருந்து வந்தது. அமெரிக்க அணுசக்தி ஆணையம் 1948 முதல் 'நியூக்ளியர் சயின்ஸ் அப்ஸ்ட்ராக்ட்ஸ்' இதழை நடத்தி, உலக அணு இலக்கியம் முழுவதையும் ஏறத்தாழத் தனியாளாகத் திரட்டிவந்தது. 1970இல் வியன்னாவில் பன்னாட்டு அணுசக்தி முகமை இனிஸ் என்ற தகவல் அமைப்பைத் தொடங்கியது. அதன் விதி எளியது: ஒவ்வோர் உறுப்பு நாடும் தன் எல்லைக்குள் வெளியானதைத் தானே தெரிவுசெய்து, ஆங்கிலத்தில் சுருக்கி, பொதுச் சொற்பட்டியலின்படி குறித்து அனுப்ப வேண்டும், வியன்னா அவற்றைச் சேர்த்து எல்லாருக்கும் திருப்பிக் கொடுக்கும். பனிப்போரின் நடுவே அமெரிக்காவும் சோவியத் நாடும் ஒரே அட்டவணைக்கு உழைத்தன என்பது இன்றும் வியப்பளிப்பது. 1976இல் அமெரிக்க இதழ் நிறுத்தப்பட்டது; இனிஸின் 'ஆட்டம்இண்டெக்ஸ்' அதன் இடத்தைப் பிடித்தது.

இந்தியாவின் பங்கை டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நூலகம் ஏற்றது. இனிஸ் தொடங்கி ஓராண்டில், 1971இல், கல்பாக்கத்தில் அணு உலை ஆராய்ச்சி மையம் அமைந்தது. ஆகவே இம்மையம் தன் முதல் அறிக்கை முதலே இந்த ஏற்பாட்டின் கீழ் வந்தது. மகாபலிபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் எழுதப்பட்ட ஓர் உள் அறிக்கை, லண்டன் வல்லுநர் கண்ணில் படும்வரை காத்திருக்கத் தேவையில்லை. டிராம்பேயில் சுருக்கமாகி, வியன்னாவில் மைக்ரோஃபிஷ் தகடாகி, முழு வடிவிலேயே கேட்டவருக்குக் கிடைக்கும். நாற்பது ஆண்டு முன் திருமணிக்கு இல்லாத வசதி இது.

ஆனால் அந்த விதியில் ஒரு சொல் கணக்கைக் கெடுத்தது: 'வெளியானது'. ஆய்வு எங்கே நடந்தது என்று இனிஸ் கேட்கவில்லை. எங்கே அச்சானது என்று கேட்டது. 1985 அக்டோபரில் கல்பாக்கத்தின் வேக ஈனுலைச் சோதனை உலை இயங்கத் தொடங்கியது. அவ்வாண்டின் இறுதியில் மையத்துக்கு இந்திரா காந்தி பெயர் சூட்டப்பட்டது. 1974 பொக்ரான் வெடிப்புக்குப்பின் வெளிநாட்டுச் செறிவூட்டிய யுரேனியம் கிடைக்காத நிலையில், அந்த உலைக்கு யுரேனியமும் புளூட்டோனியமும் கலந்த கார்பைடு எரிபொருளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஓர் உலையின் முதன்மை எரிபொருளாக அதைப் பயன்படுத்தியவர் வேறு எவருமில்லை என்பதால், சோடியமும் கார்பைடும் எஃகும் பற்றிய இங்குள்ள கட்டுரைகளுக்கு உலகில் மதிப்பு இருந்தது. நல்ல கட்டுரை ஆம்ஸ்டர்டாமின் 'ஜர்னல் ஆஃப் நியூக்ளியர் மெட்டீரியல்ஸ்' போன்ற இதழுக்குப் போனது. அங்கே அச்சானதை அனுப்ப வேண்டியது, விதிப்படி, அந்த நாடு; டிராம்பே அல்ல. இந்தியக் கணக்கில் ஏறியவை அறிக்கைகளும் மாநாட்டுத் தொகுதிகளும் இந்திய இதழ்களும். இனிஸ் பதிவுகளை நாடுவாரியாக எண்ணி இந்திய அணு ஆய்வின் அளவு இவ்வளவு என்று சொல்லும் கட்டுரைகளை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

என் கருத்தில், இனிஸ் தாமதத்தைக் குறைத்ததைவிடப் பரப்பை விரித்ததுதான் பெரிய சாதனை. இனிஸுக்குப் பதிவு அனுப்பும் தேசிய மையம் என்பதும் ஒரு மேசைதான். அங்கே ஆள் குறைந்தாலோ, கல்பாக்கத்திலிருந்து அறிக்கையின் படி போய்ச் சேராவிட்டாலோ தாமதம் வியன்னாவில் அல்ல, நாட்டுக்குள்ளேயே தங்கிவிடும். முன்பு லண்டன்காரரைக் குறை சொல்லலாம். இப்போது அந்த வசதியும் போயிற்று.

இனிஸ் தொடங்கிய அடுத்த ஆண்டே, 1971இல், இதே முறையைக் கடலுக்கும் கொண்டுவந்தார்கள். உணவு வேளாண் நிறுவனம் முன்னின்று நடத்திய நீர்வாழ் அறிவியல், மீன்வள ஆய்வுச்சுருக்க அமைப்பில் நாடுவாரிப் பங்காளிகள் பதிவு அனுப்பினார்கள். இந்தியாவின் பங்கைக் கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனம் ஏற்றது. செங்கல்பட்டுக் கரையில் உள்ள முட்டுக்காட்டில் உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வுப் பண்ணை இருக்கிறது. கொடுவா மீனை அடைப்பில் இனப்பெருக்கம் செய்யவைத்த வேலை 1990களில் அங்கே நடந்தது. இத்தகைய வேலையின் பெரும்பகுதி கையேடு, துண்டுப் பிரசுரம், பண்ணையாளர் பயிற்சிக் குறிப்பு என்ற வடிவில் வருகிறது. மீனவருக்கும் பண்ணையாளருக்கும் பயன்படுவது அதுதான். வணிக அட்டவணைகள் தொடாததும் அதுதான். கடல் அட்டவணை அதை ஓரளவு சேர்த்துக்கொண்டது.

இந்தப் போக்குக்கு ஒரு விதிவிலக்கு அதே கரையின் வடநெம்மேலியில் இருக்கிறது. 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் அங்கே முதலைப் பண்ணையைத் தொடங்கினார். 'ஹமட்ரையாட்' என்ற ஊர்வன ஆய்விதழும் அதே ஆண்டில் செய்தி மடலாகப் பிறந்தது. இவ்வளவு சிறிய வெளியீட்டையும் 'சுவாலஜிக்கல் ரெக்கார்டு' தவறவிட முடியாது. 1864இல் ஆல்பர்ட் குந்தர் தொடங்கிய அட்டவணை அது. அதே ஆண்டில்தான் அவர் பிரிட்டிஷ் இந்தியாவின் ஊர்வன பற்றிய தம் பெருநூலையும் வெளியிட்டார். விலங்கியலில் ஒரு புதிய சிற்றினத்துக்கு முதலில் வெளியான பெயரே செல்லும். அது எந்த ஊரில், எத்தனை படியில் அச்சானது என்பது பொருட்டல்ல. ஆகவே சிற்றிதழைப் புறக்கணிப்பவர் அறிஞராக நீடிக்க முடியாது. மருத்துவத்திலும் பொறியியலிலும் அப்படிக் கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் இல்லை.

இனிஸ் 2009இல் இணையத்தில் எல்லாருக்கும் இலவசமாகத் திறக்கப்பட்டது. பெரிய பதிப்பகங்களின் கட்டுரை விவரங்கள் இப்போது மின்கோப்பாக மொத்தமாக வந்து சேர்கின்றன. ஆம்ஸ்டர்டாமில் அச்சாகும் கல்பாக்கக் கட்டுரைக்கு யாரும் சுருக்கம் எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. மீதி நிற்பவை கல்பாக்க மையத்தின் வரிசை எண்ணிட்ட அறிக்கைகள், உள்ளூர்க் கருத்தரங்கத் தொகுதிகள், 2005இல் உருவான ஹோமி பாபா தேசிய நிறுவனத்தின் கீழ்க் கல்பாக்கத்தில் எழுதப்படும் முனைவர் பட்ட ஆய்வேடுகள். இவற்றைப் பதிப்பகம் எதுவும் அனுப்பாது, வியன்னாவும் வந்து எடுத்துக்கொள்ளாது. 1970இன் விதி இவற்றுக்கு மட்டும் அப்படியே பொருந்துகிறது: அனுப்ப வேண்டியது டிராம்பே, அதற்கு முன் டிராம்பேக்கு ஒரு படி அனுப்ப வேண்டியது கல்பாக்கம்.