ஒரு ஷில்லிங் சூடு

ரயில்வே ஸ்டேஷனில் காசு போட்டால் எடைச்சீட்டு தள்ளும் மெஷின் ஞாபகம் இருக்கிறதா? இங்கிலாந்தில் காசு போட்டால் கேஸ் தரும் மீட்டர் இருந்தது. 1880களின் கடைசியில் வந்தது. முதலில் பென்னி, பிறகு ஷில்லிங். மாணவர்கள் தங்கிய வாடகை அறைகளிலும் இதுதான். காசு தீர்ந்தால் கணப்பு அணைந்துவிடும். சில்லறை இல்லையா, கோட்டை மாட்டிக்கொண்டு படிக்க வேண்டியதுதான்.

குளிரை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். ஒரு ஷில்லிங்குக்கு எவ்வளவு கேஸ் என்று பல வீடுகளில் மீட்டரைத் திருகி வைப்பவர் வீட்டுக்காரர். கம்பெனிக்கு அவர் கட்டுவது ஒரு விலை, மாணவனிடம் வாங்குவது வேறு விலை. (பி.காம் படிக்கிற நமக்கு இதன் பெயரைச் சொல்லவா வேண்டும்! :-)) உச்சவரம்பு என்று ஒன்று இருந்தது, ஆனால் வாங்கிய விலைக்குமேல் விற்கக்கூடாது என்ற விதி 2003 ஜனவரியில்தான் வந்தது.

அதோடு முடிந்ததா என்றால்.. 2022-23 குளிர்காலத்தில் அரசு வீட்டுக்கு 400 பவுண்ட் கொடுத்தது. பில் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்குக்குத்தான் போனது. கரண்ட், கேஸ் எல்லாம் வாடகையோடு சேர்த்துக் கட்டிய மாணவர்கள் வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டிய நிலை. நியாயமான பங்கைக் கொடுத்தே ஆகணும் என்று சட்டம் போட்டார்கள், சரி. அடுத்த வருஷமும் அதே அறை வேண்டும் என்கிற பையன் எவ்வளவு தூரம் சண்டை போடுவான்?