முதுமலையில் போட்ட கட்டம்

ஒரு காட்டுல எந்த மரம் அதிகம்? பார்த்தாலே தெரியும்னுதான் நினைப்போம். 1898 வாக்கில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா புல்வெளியில் ரோஸ்கோ பவுண்டும் ஃபிரெடரிக் கிளெமென்ட்ஸும் தரையில் சதுரம் போட்டு, உள்ளே இருந்த செடிகளை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். கண்மதிப்பு எவ்வளவு ஏமாற்றும் என்று அப்போதுதான் புரிந்தது.

நம்மூரில் அதைப் பெரிய அளவில் செய்தது முதுமலையில். 1988ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமார் குழு, 1,000 மீட்டருக்கு 500 மீட்டர், அதாவது 50 ஹெக்டேர் இலையுதிர் காட்டை அளந்து 20 மீட்டர் சதுரங்களாகப் பிரித்தது. எங்க காஞ்சிப் பட்டுல கட்டம் போட்ட மாதிரி, 1,250 சதுரம்! மார்பளவு உயரத்தில் 1 சென்டிமீட்டர் தடிமன் இருந்தாலே அந்த மரத்துக்கு ஒரு நம்பர் உண்டு. முதல் கணக்கில் 71 இனங்கள், சுமார் 26,000 மரஞ்செடிகள்.

என்னைக் கேட்டால், விடாமல் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்களே, அதுதான் பெரிசு. வருஷா வருஷம் எது செத்தது, எது புதுசா வந்தது என்று குறித்தார்கள். செம்பருத்தி குடும்பத்து கைடியா மரம் ஆரம்பத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தது. யானைக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஒடிச்சுத் தின்று, கொஞ்ச வருஷத்தில் பெரும்பகுதி காலி. சின்னத் தண்டுகளைக் காட்டுத்தீயும் விட்டுவைக்கவில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் காடு அதே பச்சைதான். நம்பர் கட்டிய மரத்தைத் தேடிப் போனவர்களுக்குத்தான் அது இல்லை என்று தெரிந்தது.