வெயிலில் ஓடிய சைக்கிள்

மலைச் சைக்கிளோட்டம் முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 1996 ஜூலை 30 அன்று. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்துக் கோடை வெயிலில், கரடுமுரடான காட்டுப் பாதையில் 2 மணி 17 நிமிடங்கள் மிதித்து, நெதர்லாந்தின் பார்ட் பிரென்ட்யென்ஸ் தங்கம் வென்றார். கலிபோர்னிய இளைஞர்கள் பழைய சைக்கிள்களில் மலைச்சரிவில் பந்தயம் ஓடத் தொடங்கி அப்போது இருபது ஆண்டுகளே ஆகியிருந்தன.

கொழும்பில் இரவுப் பணியிலிருந்து அச்செய்தியை மொழிபெயர்த்தவன் நான். சரியாக ஒன்பது மாதங்களுக்கு முன்னர், 1995 ஒக்டோபர் 30 இரவு, கொட்டும் மழையில் வலிகாமத்து மக்கள் துவிச்சக்கர வண்டிகளில் மூட்டைகளையும் முதியோரையும் ஏற்றித் தள்ளிக்கொண்டு தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தனர். அவர்களுள் என் தந்தையும் ஒருவர். நாவற்குழிப் பாலத்தைக் கடக்க அவருக்கு ஓர் இரவு முழுவதும் பிடித்தது. வென்றவரின் நேரத்தை எழுதுகையில் அதுவே என் நினைவில் நின்றது.