தேவையற்ற வேலை எது?

செய்பவருக்கே பயனற்றதாகத் தோன்றும் சம்பள வேலைகள் பெருகிவிட்டதாக மானுடவியலாளர் டேவிட் கிரேபர் 2013இல் எழுதினார். 2015இல் பிரித்தானியாவில் யூகொவ் நடத்திய கருத்துக்கணிப்பில், தமது வேலை உலகுக்கு அர்த்தமுள்ள பங்களிப்பைச் செய்யவில்லை என்றோர் 37 சதவீதம்.

இலங்கையில் 2020இல் சுமார் 50,000 பட்டதாரிகள் அரச சேவைக்குள் பயிலுநர்களாக உள்வாங்கப்பட்டனர். அதில் வேலையின் தேவையைவிட வேலையின்மையே முன்னின்றது. 2022 நெருக்கடியில், ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அரச ஊழியர்கள் அனுமதிக்கப்பட்டனர்.

வடக்கில் கண்ணிவெடி அகற்றுவோரின் நிலை வேறு. அவர்களில் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்களும் உள்ளனர். அந்த வேலையைத் தேவையற்றது என எவரும் சொல்லார். ஆனாலும் சம்பளம் பெரும்பாலும் வெளிநாட்டு நிதியில் தங்கியுள்ளது. நிதி நின்றால், மண்ணில் வெடி மீதமிருக்கவே வேலை போய்விடும்.